இந்தோனேசிய மொழியில் மனசில் இருப்பதை எப்படிச் சொல்வது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் உள்ள பாண்டுங்கில் வேலைக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. மொழியைச் செயலியில்தான் படித்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். ஆனாலும் நீங்கள் பேசினால் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கிறது என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை, வேலையை விட்டுப் போகிற ஒரு அக்காவுக்கு நடந்த வழியனுப்பு விழாவில், மனம் நெகிழ்ந்து ‘ஸாயா எமோஸி’ என்றீர்கள். அறையே ஒரு நொடி அமைதியாகிவிட்டது. அதனால் உணர்ச்சிச் சொற்களின் பட்டியல் ஒன்று வேண்டும் என்கிறீர்கள்.

பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சொல் கையில் இருந்தும் உணர்ச்சி ஏன் போய்ச் சேரவில்லை என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். என் அனுபவத்தில், இந்தோனேசியப் பேச்சில் உணர்ச்சியைத் தூக்கிச் சுமப்பவை அகராதிச் சொற்கள் இல்லை. வாக்கியத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் ஓரசைத் துணுக்குகளும், எதிரில் இருப்பவரை அழைக்கும் முறையும்தான். அப்புறம், சொல்லாமல் விடுவது. செயலிகள் இந்த மூன்றையும் கற்றுத் தருவதில்லை.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். மொழியியல் படித்தவன் இல்லை. கோவைப் பக்கம் நூற்பாலையில் தொழில் கற்று, மேற்கு ஜாவாவிலும் பிறகு மத்திய ஜாவாவின் ஸோலோவிலுமாக 14 வருஷம் ஷிப்ட் பார்த்தவன். நடுவில் வெளிநாட்டவருக்கான மொழி வகுப்பு ஒன்றை முடித்தேன். இப்போது அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். ஆகவே இலக்கணம் பற்றிச் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். மக்களின் குணம் பற்றிச் சொல்வதெல்லாம் ஜாவாவில் ஓர் ஆலைக்காரன் பார்த்தது, அவ்வளவுதான். உச்சரிப்பையும் இங்கே இருந்து எடுக்காதீர்கள். தமிழ் எழுத்தில் பாதிதான் வரும், பக்கத்து மேசைக்காரர் வாயிலிருந்து கேளுங்கள்.

முதலில் உங்கள் ‘எமோஸி’. உணர்ச்சி என்று அகராதி சொல்வது சரிதான். ஆனால் புழக்கத்தில் ‘டியா எமோஸி’ என்றால் ‘அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது’. ‘ஜாங்ஙான் எமோஸி’ என்றால் ‘கோபப்படாதே’. நீங்கள் விழாவில் கண் கலங்கி நின்றுகொண்டு ‘நான் செம கோபத்தில் இருக்கிறேன்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். அமைதி வராமல் என்ன வரும்? அங்கே வேண்டிய சொல் ‘தெர்ஹாரு’, மனம் நெகிழ்ந்து தொண்டை அடைக்கிற நிலை. இதன் தொடக்கத்தில் உள்ள ‘தெர்’ என்ற முன்னொட்டைக் கவனியுங்கள். நாம் செய்யாமல் தானாக நேர்ந்தது என்ற சாயல் அதற்கு உண்டு. ‘தெர்கெஜுத்’ என்றால் திடுக்கிட்டுப் போனேன், ‘தெர்ஸிங்குங்’ என்றால் மனம் புண்பட்டது. கடைசிச் சொல்லை அடிக்கடி கேட்பீர்கள். உங்களைப் பற்றி யாராவது அப்படிச் சொன்னதாகக் காதில் விழுந்தால் அன்றைக்கே போய்ப் பேசிவிடுங்கள்.

இலக்கணத்தில் தமிழர் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு, அதில் நானும் விழுந்திருக்கிறேன். தமிழில் உணர்ச்சி நம்மிடம் வருகிறது: எனக்குக் கோபம் வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. அவர்களுக்கு அந்த ‘எனக்கு’ கிடையாது. ‘ஸாயா தாக்குத்’, நான் பயம், அவ்வளவே. அந்த ‘எனக்கு’வைத் தேடித் தடுமாறும்போது கண்ணில் படுகிற நீளமான சொல்லைப் பிடித்துக்கொள்கிறோம். ‘போஸான்’ என்றால் சலித்துப்போன நிலை. ‘மெம்போஸான்கான்’ என்றால் மற்றவர்களைச் சலிப்படையச் செய்வது. முதல் வருஷம் ஒரு நீண்ட கூட்டத்துக்குப் பிறகு, போர் அடித்தது என்று சொல்வதாக நினைத்து ‘ஸாயா மெம்போஸான்கான்’ என்றேன். நான் ஒரு அறுவை மன்னன் என்று பொருள். பக்கத்தில் இருந்த மேஸ்திரி மிக மரியாதையாக, ‘இல்லை பாக் (ஐயா), அப்படியெல்லாம் இல்லை’ என்று ஆறுதல் சொன்னார். ‘கெச்சேவா’ ஏமாற்றமடைந்தவர், ‘மெங்ஙெச்சேவாக்கான்’ ஏமாற்றம் தருவது. ‘தாக்குத்’ பயந்தவர், ‘மெனாக்குத்கான்’ பயமுறுத்துவது. உணர்கிறவருக்குக் குட்டைச் சொல், உணரவைப்பதற்கு நெட்டைச் சொல் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

இன்னொரு பள்ளம் இருக்கிறது, கொஞ்சம் சங்கடமானது. ‘ஸெடிஹ்’ சோகமாக இருப்பது, ‘கெஸெடிஹான்’ சோகம். ‘தாக்குத்’ பயந்த நிலை, ‘கெதாக்குத்தான்’ பயம். ஆகவே வெட்கத்தைக் குறிக்கும் ‘மாலு’விலிருந்து ‘கெமாலுவான்’ என்று நீங்களே ஒரு சொல் செய்துகொள்வீர்கள். வேண்டாம். அது உடம்பின் மறைவிடத்தைக் குறிக்கிற சொல். வெட்க உணர்வுக்கு ‘ராஸா மாலு’ என்று சொல்லுங்கள். ‘ராஸா’ நம்முடைய ரசம்தான். நாவின் சுவைக்கும் மனதின் உணர்வுக்கும் அங்கே ஒரே சொல்.

ரசம் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழிலும் அவர்கள் மொழியிலும் புகுந்த சமஸ்கிருதச் சொற்கள் நமக்குச் சௌகரியம்போலத் தெரியும், ஆனால் ஊர் மாறியதில் பல பொருள் மாறிவிட்டன. ‘ஸூக்கா’, ‘டூக்கா’ இரண்டும் சுகமும் துக்கமும். இதில் ‘டூக்கா’ நேராகவே வந்துவிடும், ‘ஸூக்கா’வோ பேச்சில் ‘பிடிக்கும்’ என்றாகிவிட்டது. ‘பஹாகியா’ நம் பாக்கியம், அங்கே ஆழ்ந்த மனநிறைவு. ‘கெம்பீரா’ நம் கம்பீரம், அங்கே குதூகலம். ‘மூர்கா’ நம் மூர்க்கம், அங்கே கடவுளுக்கும் அரசனுக்கும் வருகிற பெருங்கோபம். மேலாளர் மேல் எரிச்சல் என்று சொல்ல அதை எடுத்தால் நாடகம் போடுவதுபோல இருக்கும். ‘ச்சிந்தா’ நம் சிந்தையின் உறவு, அங்கே காதல். பயத்திலிருந்து போன ‘பஹாயா’ அங்கே அபாயம் ஆகிவிட்டது, ஆலையில் மின்பெட்டி தவறாமல் அது எழுதியிருக்கும். ‘ஸெங்ஸாரா’ மட்டும் என்னால் சிரிக்காமல் சொல்ல முடியாது. நம் ஊரில் சம்சாரம் என்றால் மனைவி. அங்கே ‘ஸெங்ஸாரா’ என்றால் படாதபாடு, துன்பம். இந்த ஒற்றுமையை வீட்டில் விளக்கப் போய் எனக்கு ஒரு வேளை காப்பி கிடைக்கவில்லை.

அடுத்து, உணர்ச்சி குடியிருக்கும் உறுப்பு. ‘ஹாத்தி’ என்றால் ஈரல். இதயத்துக்கு ‘ஜன்துங்’ என்று தனிச்சொல் உண்டு, ஆனால் அது மருத்துவரிடம் போகிற உறுப்பு. மனசு வேலை பார்ப்பதெல்லாம் ஈரலில்தான். ஈரல் வலித்தால் (‘ஸாக்கித் ஹாத்தி’) மனம் புண்பட்டிருக்கிறது. ஈரல் முறிந்தால் (‘பாத்தாஹ் ஹாத்தி’) காதல் தோல்வி. ஈரல் தாழ்ந்தால் பணிவு, உயர்ந்தால் திமிர். ஈரலைத் தின்றால் (‘மாக்கான் ஹாத்தி’) யாரோ ஒருவரின் நடத்தையை வாய் திறக்காமல் உள்ளுக்குள் பொறுத்துக் குமைகிறீர்கள் என்று பொருள். நமக்கு இது அந்நியமே இல்லை. பயந்தால் ஈரக்குலை நடுங்குகிறவர்கள் நாம், பொறாமை வந்தால் வயிறு எரிகிறவர்கள். எனவே ‘ஹாத்தி’ வருகிற தொடர்களை மனப்பாடம் செய்யாதீர்கள், படமாகக் கற்பனை செய்யுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கோபத்துக்கான ‘மாரஹ்’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘மாரஹ் யா?’ என்றால் ‘கோபம் போல இருக்கே?’ என்று மெதுவாகத் தொட்டுப் பார்ப்பது. ‘கோக் மாரஹ்?’ என்றால் ‘இதுக்கு எதுக்குக் கோபம்?’, நான் எதிர்பார்க்கவில்லை என்பது அதில் இருக்கிறது. ‘லோ, மாரஹ்?’ என்றால் ‘அட, கோபமா!’. ‘கெனாப்பா ஸிஹ் மாரஹ்-மாரஹ்?’ என்றால் ‘ஏன்தான் இப்படிக் கத்துறியோ’, கேட்பவருக்கே எரிச்சல் ஏறியிருக்கிறது. ‘ஜாங்ஙான் மாரஹ் டோங்’ என்றால் ‘கோபப்படாதேயேன்’ என்ற கெஞ்சல். ‘மாரஹ் டெஹ் டியா’ என்றால் ‘போச்சு, கோபம் வந்துடுச்சு அவருக்கு’. ‘தூ கான், மாரஹ்’ என்றால் ‘பார்த்தியா, நான் சொன்னேன்ல’. கடைசியாக ‘ங்ஙாக் மாரஹ் கோக்’ என்றால் ‘எனக்குக் கோபமெல்லாம் இல்லப்பா’ என்ற சமாதானம். இங்கே அதே ‘கோக்’ வாக்கியத்தின் கடைசிக்குப் போனதும் வியப்பு போய் உறுதி வந்துவிட்டதைப் பாருங்கள்.

உணர்ச்சிச் சொல் ஒன்றுதான், மாறியதெல்லாம் துணுக்கு. நீங்கள் செய்தி வாசிப்பதுபோல இருப்பதன் காரணம் இங்கே இருக்கிறது. தமிழில் ‘ல்ல’, ‘தானே’, ‘ஏன்’, ‘ப்பா’, ‘போல’ எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஒருவர் பேசினால் எப்படி இருக்கும்? வானொலிதான். இந்தத் துணுக்குகளுக்கு நேர்ச்சொல் தேடாமல் நம் துணுக்குகளோடு பொருத்திப் பாருங்கள். ‘கான்’ பெரும்பாலும் நம் ‘தானே’, ‘ல்ல’. ‘டோங்’ பல இடங்களில் வினையோடு சேரும் நம் ‘ஏன்’: வாயேன், குடேன். ‘ஸிஹ்’ மட்டும் தொனியைப் பொறுத்து எரிச்சலாகவும் வரும், ‘நல்லாத்தான் இருக்கு, ஆனா...’ என்ற இழுவையாகவும் வரும். அதைக் காதால் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘டோங்’, ‘டெஹ்’, ‘ஸிஹ்’ மூன்றும் ஜகார்த்தாப் பேச்சிலிருந்து நாடெங்கும் பரவியவை. நண்பர்களிடம் சரி, இயக்குநரிடம் ‘டோங்’ போட்டால் செல்லம் கொஞ்சுவதுபோல ஆகிவிடும். புதியவருக்குப் பாதுகாப்பானவை ‘யா’, ‘கோக்’, ‘கான்’. அதிலும் பெரியவர்களிடம் ‘கான்’ கொஞ்சம் அடக்கியே வையுங்கள், ‘அதான் சொன்னேனே’ என்கிற குத்தல் அதில் எளிதில் வந்துவிடும். நீங்கள் பாண்டுங்கில் இருப்பதால், மேற்கு ஜாவாவின் சொந்த மக்களான ஸுண்டாக்காரர்களின் துணுக்குகள் ‘மாஹ்’, ‘அத்துஹ்’ இரண்டும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், ஓரிரண்டு முறை சொல்லியும் பாருங்கள், நிச்சயம் சிரிப்பார்கள், ஆனால் இது வேறு சிரிப்பு.

பாடப்புத்தக மொழி ஏன் இவ்வளவு வறண்டிருக்கிறது என்று கேட்பீர்கள். 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாட்டில் ஒற்றுமைக்கான மொழி என்று உறுதியெடுத்து ஏற்கப்பட்டது இந்தோனேசிய மொழி. 700க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில் பள்ளிக்கூடமும் அலுவலகமும் செய்தியும் அதில் நடக்கின்றன. அம்மாவிடம் அழுததும் அண்ணனோடு சண்டை போட்டதும் பலருக்கு ஜாவா மொழியிலோ ஸுண்டா மொழியிலோதான். அதனால் நெருக்கமான உணர்ச்சிகளுக்குப் பொதுமொழிக்குள் வீட்டுமொழிச் சொற்கள் ஏறி வந்திருக்கின்றன என்பது என் ஊகம். ஏக்கத்துக்கு ‘ரிண்டு’ என்று சொல் இருந்தும், பேச்சில் ‘காஙென்’ என்ற ஜாவாச் சொல்தான் முந்திக்கொள்கிறது. ‘ரிண்டு’ பாட்டில் நன்றாக இருக்கும், போனில் ‘காஙென்’.

அழைக்கும் முறையில் நமக்குச் சிரமமே இருக்கக் கூடாது, ஆனாலும் செயலி கெடுத்துவிடுகிறது. ‘ஸாயா’ (நான்), ‘ஆண்டா’ (நீங்கள்) என்ற ஜோடியை வைத்துக்கொண்டு அன்பைச் சொன்னால் விண்ணப்பம் எழுதியதுபோல இருக்கும். நெருக்கத்துக்கு ‘ஆக்கு’. எதிரில் இருப்பவருக்கோ, முன்னிலைச் சொல்லே வேண்டாம், உறவுச் சொல்லே போதும். அம்மாவிடம் ‘ஆக்கு ஸாயங் இபு’ என்கிறார்கள், ‘நான் அம்மா மேல் பாசம்’ என்பதுபோல. அலுவலக அக்காவை மேற்கு ஜாவாவில் ‘தெத்தெஹ்’ என்றும், ஜாவாக்காரராக இருந்தால் ‘ம்பாக்’ என்றும் கூப்பிட்டாலே பாதி உணர்ச்சி போய்ச் சேர்ந்துவிடும். மேலே உள்ள ‘ஸாயங்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். பாசமும் அதுதான், ‘கண்ணே’ என்ற விளிப்பும் அதுதான், வீணாகிறதே என்ற ஆதங்கமும் அதுதான். சோறு மீந்துபோனாலும் ‘ஸாயங்’, நல்ல ஆள் வேலையை விட்டுப் போனாலும் ‘ஸாயங் ஸெக்காலி’. இதேபோல ‘கெமாஸ்’ என்று ஒன்று உண்டு. குண்டுக் குழந்தையைப் பார்த்தால் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளத் தோன்றுமே, கடித்துத் தின்றுவிடலாம்போல, அந்த உணர்வு. தமிழில் அதற்கு ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை.

சொல்லாமல் விடுவதைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் இது நிச்சயமான பகுதி இல்லை. ஸோலோவில் ஒரு ஃபிட்டர் காலையில் என் மேசைக்கு வந்து புன்னகையோடு இரண்டு நாள் விடுப்பு கேட்டார். காரணம் கேட்டேன். அம்மா இறந்துவிட்டார் என்றார், அதே புன்னகையோடு. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, உண்மையில் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு மூத்த தொழிலாளி பிறகு விளக்கினார்: தன் பாரத்தை உங்கள் மேல் இறக்க அவருக்கு ‘ஸுங்கான்’. மரியாதையும் கூச்சமும், பிறருக்குத் தொல்லை தரக் கூடாதே என்ற தயக்கமும் கலந்த ஜாவாச் சொல் அது. மானிடவியலாளர் ஹில்ட்ரெட் கீர்ட்ஸ் 1959இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஜாவாக் குழந்தைகள் ‘வெடி’ என்கிற பயம், ‘இஸின்’ என்கிற வெட்கம், ‘ஸுங்கான்’ ஆகிய மூன்றையும் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்று விவரித்திருக்கிறார். படித்தபோது என் ஃபிட்டரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் இதை இந்தோனேசியர் எல்லோருக்கும் பொருத்திவிடாதீர்கள். கார்ல் ஹைடர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களையும் ஜாவா மக்களையும் தனித்தனியாக எடுத்து ஒப்பிட வேண்டியிருந்ததே, ஒரே பொதுமொழிக்குள் இந்த வேறுபாடு இருப்பதால்தான். என்னோடு வேலை பார்த்த வடக்குச் சுமத்ராவின் பத்தாக் நண்பர் ஒருவர் கோபம் வந்தால் நேருக்கு நேர் சத்தமாகவே சொல்லிவிடுவார், பத்து நிமிஷத்தில் மறந்தும்விடுவார். அவரோடு எனக்கு மொழிச் சிக்கலே வந்ததில்லை.

துக்கத்தில் சொந்தமாக வாக்கியம் அமைக்க முயலாதீர்கள், இருக்கிற வழக்கையே சொல்லுங்கள். ‘தூருத் பெர்டூக்கா ச்சித்தா’, உங்கள் துக்கத்தில் நானும் பங்கு கொள்கிறேன். கொஞ்சம் நெருக்கமானவர் என்றால் கையைப் பிடித்து ‘யாங் ஸாபார் யா’, பொறுமையாக இருங்கள் என்று சொல்லலாம். நம் காதுக்கு அது அறிவுரைபோல இருக்கும், அவர்களுக்கு அது ஆறுதல். ரமலான் முடிந்து பெருநாள் வரும்போது ‘மோஹோன் மாஆஃப் லாஹிர் டான் பாத்தின்’ என்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்வார்கள்: வெளியில் தெரிந்ததற்கும் உள்ளத்தில் நினைத்ததற்கும் மன்னிப்பு. எந்த மதமானாலும் தயங்காமல் பதிலுக்குச் சொல்லலாம்.

இளைஞர் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. எதையும் மனசுக்கு எடுத்துக்கொண்டு வாடுவதை ‘பாப்பெர்’ என்கிறார்கள், ‘பாவா பெராஸாஆன்’ (உணர்வைச் சுமப்பது) என்பதன் சுருக்கம். ‘ஜாங்ஙான் பாப்பெர்’ என்றால் ‘சீரியஸா எடுத்துக்காதே’. இந்த மாதிரிச் சொற்கள் வேகமாக வந்து போகும். நான் ஊர் திரும்பி நாளாகிவிட்டதால் இதில் என்னைவிட உங்கள் அலுவலகப் பிள்ளைகளே நல்ல வாத்தியார்கள்.

சரி, திங்கட்கிழமை என்ன செய்யலாம்? விளக்கக் கடிதமெல்லாம் வேண்டாம். மதியம் சாப்பிடும்போது, ‘கெமாரின் ஸாயா ஸாலாஹ் ஙோமோங் யா, மக்ஸூட் ஸாயா தெர்ஹாரு, பூக்கான் எமோஸி’ என்று சொல்லுங்கள். அன்றைக்கு வாய் தவறிவிட்டது, நான் சொல்ல வந்தது நெகிழ்ச்சி, கோபம் இல்லை என்று பொருள். நடுவில் இருக்கிற அந்த ‘யா’வை விட்டுவிடாதீர்கள். யாராவது ஒருவர் நிச்சயம் ‘ச்சியே...’ என்று நீட்டி இழுப்பார். அது கிண்டல். அப்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, ‘இஹ், அப்பா ஸிஹ்’ என்று சொல்லிப் பாருங்கள். நம் ஊர் ‘அட, போங்கப்பா’தான் அது.